மீன் குறைந்த ஐந்து நாட்கள்: திருகோணமலைத் தொழில்நுட்ப முயற்சி ஒன்றில் நால்வர் முடிவெடுத்த விதம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 பெப்ரவரியில் நான்கு பேர் சேர்ந்து திருகோணமலையில் ஒரு தனியார் கம்பனியைப் பதிவு செய்தார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளும் உணவகங்களும் முதல்நாள் இரவு 9 மணிக்குள் கைபேசிச் செயலியில் மீன் கேட்க வேண்டும். மறுநாள் விடியற்காலை கரையில் வாங்கி, ஐஸில் வைத்து, காலை 10 மணிக்குள் சமையலறை வாசலில் இறக்கிக் கொடுப்பது கம்பனியின் வேலை. கரையில் படகு வந்ததும் இன்ன மீன் இத்தனை கிலோ என்று பதியும் பக்கம் ஒன்று, விடுதிக்காரர் கேட்கும் பக்கம் ஒன்று, இரண்டையும் பொருத்தும் கணக்கு ஒன்று. தொழில்நுட்பம் அவ்வளவுதான், அது நன்றாகவே வேலை செய்தது.

நால்வரையும் பொறுப்பின் பெயராலேயே குறிப்பிடுகிறோம். விற்பனைப் பொறுப்பாளர் 41 வயது, உப்புவெளி விடுதி ஒன்றில் பல வருடம் வரவேற்பு மேசையில் இருந்தவர். மற்ற மூவருக்கும் அவர் ‘அண்ணன்’. கணக்குப் பொறுப்பாளர் 35 வயதுப் பெண், நிதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தவர், ‘அக்கா’. கரைப் பொறுப்பாளர் 33 வயது, திருக்கடலூரில் கடற்றொழில் குடும்பம். நிரலாளர் 26 வயது, கிண்ணியாவைச் சேர்ந்தவர், எல்லோருக்கும் ‘தம்பி’. இந்த முறைப்பெயர்களை வெறும் மரியாதைக்காக இங்கே எழுதவில்லை. கூட்டத்தில் யார் முதலில் பேசினார், யார் பேசாமல் இருந்தார் என்பதை விளக்குவதற்கு அவையும் வேண்டும்.

ஆளுக்கு 2,50,000 ரூபாய் போட்டு 10 இலட்சம் மூலதனம் சேர்த்தார்கள். பங்கு சமமாக 25 சதவீதம், நால்வரும் பணிப்பாளர்கள். வங்கிக் கணக்கில் ‘எவரேனும் இருவர்’ கையெழுத்துப் போதும். முடிவெடுக்கும் முறை என்று எதுவும் எழுதப்படவில்லை. “எல்லாரும் ஒத்துக்கொண்டால் செய்வம்” என்ற வாய்ப்பேச்சு மட்டும் இருந்தது.

சமபங்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய விசயங்களுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். நால்வர் சமபங்கில் மூவர் சேர்ந்தால் சரியாக 75. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வேண்டும், இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் எதுவும் நகராது. பதிவு செய்த நாளில் இந்தக் கணக்கை நால்வரில் எவரும் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த ஆய்வுக்கு வாட்ஸ்அப் குழுச் செய்திகள், வங்கிக் கூற்று, செயலியின் பதிவுகள், நால்வரோடும் தனித்தனியே நடந்த உரையாடல் ஆகியவை கிடைத்தன. ஆட்கள் அடையாளம் காணப்படாதிருக்கத் தொகைகளும் சில விவரங்களும் சிறிது மாற்றப்பட்டிருக்கின்றன.

ஜூன் 14 கூட்டம்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை வேலை சீராக நடந்தது. 22 விடுதிகளும் உணவகங்களும், வழமையான நாளில் 55 முதல் 65 கிலோ. வாங்கும் விலை கலப்பாகக் கிலோ 1,300 ரூபாய், விற்கும் விலை 1,650. செயலியில் 27 படகுகள் பதிந்திருந்தன. வங்கியில் 4,60,000 ரூபாய் மிச்சம்.

அந்த மாத இறுதியில் நீண்ட விடுமுறை வந்தது. ஜூன் 29 வியாழன் ஹஜ்ஜுப் பெருநாள், ஜூலை 1, 2 வார இறுதி, 3 திங்கள் போயா, அதாவது முழுநிலா நாள் விடுமுறை. கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆட்கள் கிழக்குக் கடற்கரைக்கு வந்து குவியும் நாட்கள் இவை. ஜூன் 14 புதன்கிழமை மாலை கூட்டம் கூடியது. விற்பனைப் பொறுப்பாளர் முதலில் பேசினார்: அந்த நாட்களுக்கு முன்கூட்டிக் கேட்பவர்களுக்கு 8 சதவீத விலைக் கழிவு கொடுப்போம், நாளுக்கு 120 கிலோவைத் தாண்டலாம், புதிதாக ஏழெட்டு விடுதிகளும் சேரும். கணக்குப் பொறுப்பாளர் கழிவை 5 ஆக்கலாமா என்று கேட்டார். அதைப் பற்றி 20 நிமிடத்துக்கு மேல் பேசினார்கள். “படகு காணுமா?” (போதுமா?) என்று ஒருமுறை கேட்கப்பட்டது. கரைப் பொறுப்பாளர் “பாப்பம், 27 படகு இருக்குத்தானே” என்றார். 70 நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. எதிர்ப்பு எதுவும் எழவில்லை. நால்வரும் அதை ஒருமித்த முடிவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மேசையைச் சுற்றி இருந்த நால்வருக்கும் தனித்தனியே தெரிந்தவற்றைப் பின்னர் கேட்டு எழுதினோம்.

கரைப் பொறுப்பாளருக்கு இரண்டு விசயம் தெரியும். ஜூலை 3 முழுநிலா. அதற்கு முந்திய இரவுகளில் கடல் வெளிச்சமாக இருக்கும், மீனுக்கு வலை தெரியும், வலைப்பாடு குறையும், பலர் தொழிலுக்கே இறங்கமாட்டார்கள். இரண்டாவது, பதிந்த 27 படகில் 16 படகுகள் முதலாளிமாரிடம் முற்பணம் வாங்கியவை. எஞ்சின், வலை, மண்ணெண்ணெய்க்கு வாங்கிய அந்தக் கடன் தீரும்வரை மீனை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். அவர்கள் எடுத்து மிஞ்சினால்தான் கம்பனிக்கு வரும். மீன் நிறையப் பட்ட நாளில் இந்த வேறுபாடு தெரியாது. குறைந்த நாளில் 27 படகு 11 ஆகிவிடும்.

கிண்ணியாக்காரரான நிரலாளருக்கு, பதிந்த படகுகளில் 9 கிண்ணியாப் பக்கத்தவை, பெருநாளை ஒட்டி மூன்று நாளாவது அவை கடலுக்குப் போகாது என்பது தெரியும். மீன் கேட்கும் பக்கத்தில் உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை, யார் எவ்வளவு கேட்டாலும் செயலி ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்றே பதில் அனுப்பும் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும்.

கணக்குப் பொறுப்பாளருக்கு, விடுதிகள் தரும் பணத்தில் ஏறத்தாழப் பாதி காசோலை என்பது தெரியும். கரையில் காசோலை எடுபடாது, மீன் இறங்கிய கையோடு காசு கொடுக்க வேண்டும். வங்கி பூட்டிய நாட்களில் கையில் காசு இருந்தால்தான் மீன்.

விற்பனைப் பொறுப்பாளருக்கு, போயா வார இறுதியில் மீன் இல்லை என்று சொல்லும் விநியோகஸ்தரை விடுதிச் சமையல்காரர்கள் அந்தச் சீசன் முழுவதும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது அனுபவத்தில் தெரியும். தம் திட்டத்துக்கே அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அவர் யோசிக்கவில்லை. மீன் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இத்தனையும் ஒரே மேசையில் இருந்தன. பேசப்பட்டதோ நால்வருக்கும் பொதுவாகத் தெரிந்த கழிவுச் சதவீதம். 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் பரிசோதனை செய்து காட்டியது இதைத்தான்: குழுவில் எல்லோருக்கும் தெரிந்த தகவல் திரும்பத் திரும்பப் பேசப்படும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேசைக்கே வராமல் போகும். தொடக்க நிலைக் கம்பனிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. வெவ்வேறு விசயம் தெரிந்தவர்கள் என்பதற்காகத்தானே ஒருவரையொருவர் சேர்த்துக்கொண்டார்கள்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது கரைப் பொறுப்பாளர், “நிலாக் காலம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே” என்றார். கடற்கரையில் பிறந்தவருக்கு அது சொல்ல வேண்டிய செய்தியே அல்ல. நிரலாளர் சொன்னது வேறு: “கடல் விசயம் கரை அண்ணன் (கரைப் பொறுப்பாளர்) பாக்கிறது. நான் சொன்னா அவர்ட வேலைக்குள்ள புகுந்த மாதிரி இருக்கும்.” முதலாமவரைத் தடுத்தது பழக்கம், இரண்டாமவரைத் தடுத்தது மரியாதை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. பின்னால் முறை வகுத்தபோது இந்த வேறுபாடு கணக்கில் எடுக்கப்பட்டதால்தான் அது ஓரளவு பலித்தது.

ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை

கடைசி நேரத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பையொட்டி ஜூன் 30 வெள்ளியை அரசாங்கம் சிறப்பு வங்கி விடுமுறையாக அறிவித்தது. வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாள் பூட்டியிருந்தன. ஜூன் 14 அன்று இதை எவரும் அறிந்திருக்க முடியாது. எனவே அந்த ஒரு நாளின் காசுத் தட்டுப்பாட்டைக் கூட்டத்தின் தவறாக நாம் எண்ணவில்லை. மற்ற நான்கு நாட்களும் நாட்காட்டியிலேயே இருந்தவை.

ஐந்து நாளுக்கும் விடுதிகள் கேட்டு, செயலி ஏற்றுக்கொண்டது மொத்தம் 640 கிலோ. கரையில் கிடைத்தது 265 கிலோ. இன்னொரு 210 கிலோ நகர வியாபாரிகளிடம் கிலோ 1,850 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. 165 கிலோ கொடுக்கவே முடியவில்லை. கழிவு போக விற்ற விலை 1,518. வியாபாரியிடம் வாங்கிய ஒவ்வொரு கிலோவிலும் 332 ரூபாய் நட்டம்.

மூன்றாம் நாள் ஐஸும் தட்டுப்பட்டது. நம் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அன்று ஐஸ் வைக்கும் ரிஜிபோம் பெட்டிகளில் அதில் பாதிதான் இருந்தது. 18 கிலோ சூரை மென்மையாகிவிட்டதென்று இரண்டு விடுதிகள் திருப்பி அனுப்பின. சூரை வகை மீன் சூடேறினால் ஹிஸ்டமின் உண்டாகும், திரும்பக் குளிரூட்டினாலும் சமைத்தாலும் அது போகாது. திருப்பி வந்ததை விற்காமல் எறிந்தது சரியான செயல். அந்த முடிவைக் கரைப் பொறுப்பாளர் எவரையும் கேட்காமல் தனியே எடுத்தார். ஐந்து நாளிலும் எடுக்கப்பட்ட மிகத் தெளிவான முடிவு அதுதான் என்பது எங்கள் கணிப்பு: யார் எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை, தாமதித்தால் என்ன ஆகும் என்பதிலும் சந்தேகமில்லை.

கணக்கு இப்படி முடிந்தது. கரை மீனில் மிச்சம் 57,770. வியாபாரி மீனில் விற்றுப்போன 192 கிலோவில் நட்டம் 63,744, எறிந்த 18 கிலோவுக்கு 33,300. மேலதிக ஐஸ், முச்சக்கரவண்டிக் கூலி 41,000. மொத்தத்தில் ஏறத்தாழ 80,000 ரூபாய் கைநட்டம். மூன்று உணவகங்கள் விலகின.

வாகன அட்வான்ஸ்

ஜூலை 6 அன்று விற்பனைப் பொறுப்பாளர் குழுவில் ஒரு படம் போட்டார்: பழைய சிறிய லொறி ஒன்று, 19 இலட்சம். “வாகனம் இல்லாததுதான் பிரச்சினை. நாளைக்கு 2 இலட்சம் அட்வான்ஸ் குடுப்பம்.” மூவர் செய்தியைப் பார்த்தார்கள், நீலக் குறி விழுந்தது. பதில் எழுதியவர் கரைப் பொறுப்பாளர் மட்டும், அதுவும் கட்டைவிரல் குறி. மறுநாள் அவர்கள் இருவரின் கையெழுத்தில் பணம் போனது. கணக்குப் பொறுப்பாளருக்கு வங்கியின் குறுஞ்செய்தியில்தான் தெரியவந்தது.

அவர் பதில் எழுதாததற்குக் காரணம் இருந்தது: எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்ல எண்ணியிருந்தார். நிரலாளரோ, தமக்குக் கொழும்பில் வந்திருந்த வேலைவாய்ப்பைச் சொல்லலாமா என்ற யோசனையில் இருந்தார். போகக்கூடிய ஆள் வாகனத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று பேசாமல் விட்டார். ஒரே மௌனத்துக்குள் இரண்டு வேறு காரணங்கள். அட்வான்ஸ் கொடுத்தவர் இரண்டையும் சம்மதம் என்று படித்தார். அவர் ஏமாற்ற எண்ணவில்லை. அதுவரை அந்தக் குழுவில் எல்லா முடிவும் அப்படித்தான் எடுக்கப்பட்டு வந்தது.

ஜூலை 9 ஞாயிறு கூட்டம் சண்டையில் முடிந்தது. “அப்ப நான் கள்ளனா?” என்று விற்பனைப் பொறுப்பாளர் எழுந்து போனார். வங்கியில் அப்போது மிச்சம் ஏறத்தாழ 1,80,000.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரு வாரம் எவரும் கூடவில்லை, நாளாந்த விநியோகம் மட்டும் நடந்தது. ஜூலை 16 அன்று, நால்வரும் மதிக்கும் வெளியாள் ஒருவரை நடுவில் வைத்துக் கூடினார்கள். யார் பிழை என்ற கேள்வியை அவர் தொடவில்லை. ஜூன் 14 அன்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்ன என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னார். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அறை அமைதியானது. சண்டை தணிந்தது அந்த இடத்தில்தான்.

அன்று முதல் மூன்று மாதங்களில் படிப்படியாக உருவான முறை கீழ்வருமாறு.

முதலில் எழுத்து, பிறகு பேச்சு. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த விசயத்துக்கும் ஒரு பக்கத் தாள். கேள்வி ஒரே வசனத்தில். அதன் கீழ் ‘எனக்குத் தெரிந்தது’ என்று குறைந்தது இரண்டு தகவல். கருத்து எழுதக்கூடாது, தகவல் மட்டும். ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று தோன்றுவதையும் எழுத வேண்டும் என்று தனியாக ஒரு விதி. அது கரைப் பொறுப்பாளருக்காகவே சேர்க்கப்பட்டது. பிறகு, போகக்கூடிய உச்சத் தொகை, முடிவைத் திருப்ப எத்தனை நாளும் எவ்வளவு பணமும் வேண்டும், எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவோம், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம். நால்வரும் இரவு 8 மணிக்கு ஒரே நேரத்தில் தாளைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்து மற்றவர் தம்முடையதை மாற்றாதிருக்கவே இந்த ஒரே நேரம்.

வயதில் இளையவர் முதலில் பேசுவது, மூத்தவர் கடைசியில் பேசுவது. இது உடனே உரசியது. கடைசியில் நிறுத்துவதைத் தம்மை ஒதுக்குவதாக விற்பனைப் பொறுப்பாளர் எடுத்துக்கொண்டார். அதோடு எதிர்பாராத விளைவு ஒன்றும் வந்தது: கடைசியாகப் பேசுபவர் தீர்ப்புச் சொல்பவர் போல ஆகிவிட்டார், அவர் பேசி முடித்ததும் கூட்டமும் முடிந்தது. எனவே ஆகஸ்டில் ஒரு திருத்தம் செய்தார்கள். கடைசியாகப் பேசுபவர் தம் கருத்துக்கு முன், மற்ற மூவரின் தாளிலிருந்தும் தமக்குப் புதிதாக இருந்த தகவலை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இது அவருக்குப் பிடித்திருந்தது. பெரியவர் எல்லாரையும் கேட்டுச் சொல்வது நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பழகிய வழக்கம்தான்.

யார் முடிவு என்பதை முன்கூட்டியே எழுதியது. 15,000 வரை அந்தந்தப் பொறுப்பாளர் தனியே. 15,000 முதல் 75,000 வரை அவரும் கணக்குப் பொறுப்பாளரும். அதற்கு மேலானதும், மூன்று மாதத்துக்கு மேல் கம்பனியைக் கட்டிப்போடும் எதுவும், பங்கு சம்பந்தப்பட்டதும் நால்வரும் எழுத்தில். இரண்டுக்கு இரண்டு என்றால், திருப்பக்கூடிய விசயத்தில் பொறுப்பாளர் சொல்வது நடக்கும். திருப்ப முடியாததில் செய்யாமல் விடுவதே முடிவு. மௌனம் சம்மதமல்ல, கட்டைவிரல் குறியும் சம்மதமல்ல. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று 48 மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். வங்கி ஆணையையும் மாற்றினார்கள்: 75,000க்கு மேல் மூன்று கையெழுத்து, அதில் கணக்குப் பொறுப்பாளருடையது கட்டாயம். இதற்குப் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கம்பனிச் செயலாளர் ஊடாக வங்கிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

திருப்பக்கூடியது, திருப்ப முடியாதது என்ற பிரிப்பு புதிதல்ல. அமேசான் நிறுவனர் பங்குதாரருக்கு எழுதிய 2015ஆம் ஆண்டுக் கடிதத்தில் முடிவுகளை ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்திருக்கிறார். ஆனால் எது எந்த வகை என்பது ஊருக்கு ஊர் மாறும். விலைக் கழிவு அறிவிப்பது பெரிய நகரத்தில் நாளைக்கே திரும்பப் பெறக்கூடிய சின்னப் பரிசோதனை. உப்புவெளியில் விடுதிகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கின்றன, சமையல்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். இங்கே சொன்ன மீனைக் கொண்டுவராதது திரும்ப முடியாத வகை. பழைய மடிக்கணினி வாங்குவதோ, தொகை பெரிதானாலும், இரண்டு வாரத்தில் விற்றுவிடக்கூடியது. தாளில் ரூபாய் வரம்பை மட்டும் வைத்திருந்தால் ஜூன் 14 முடிவு அதற்குள் அகப்பட்டிருக்காது. கழிவு கொடுப்பதற்குச் செலவே இல்லையே.

வாகன விசயம் இந்தத் தாள் வழியாக முதலில் போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டி விலை ஏறிப்போயிருந்தது. 4 இலட்சம் கைப்பணம், 15 இலட்சம் லீசிங், 36 மாதம், தவணை 62,000. கணக்குப் பொறுப்பாளர் எழுதிய இரண்டு தகவல் விசயத்தை முடித்தன. ஒன்று, தவணை வருடத்துக்கு 12 மாதம், சீசன் 6 மாதம். வருடத் தவணை மட்டும் 7,44,000. இப்போதைய முச்சக்கரவண்டிக் கூலி நாளுக்கு 3,500 வீதம் மாதம் 26 நாள், 6 மாதத்துக்கு 5,46,000, அதில் சாரதியும் எரிபொருளும் அடக்கம். இரண்டு, மத்திய வங்கி ஜூன் தொடக்கத்திலும் ஜூலையிலும் கொள்கை வட்டியைக் குறைத்திருந்தது. லீசிங் வட்டி அதன் பின்னால் மெதுவாகத்தான் இறங்கும், ஆகவே காத்திருந்தால் மலிவு. கரைப் பொறுப்பாளரின் தாளில் ஒரு வரி: “ஜூலையில் பிரச்சினை வண்டி இல்லாதது அல்ல, மீன் இல்லாதது.” விற்பனைப் பொறுப்பாளரே ‘இல்லை’ என்று எழுதினார்.

வண்டிக்காரர் 1,40,000 திருப்பிக் கொடுத்தார், 60,000 போனது. பற்றுச்சீட்டில் ‘அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்’ என்பது மட்டுமே இருந்தது. எந்தத் தேதிக்குள் வேண்டாமென்றால் எவ்வளவு திரும்பும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் பேசுவதற்கு இடம் இருந்திருக்கும்.

பின் நடந்தவை

ஆகஸ்ட் 1 செவ்வாய் மறுபடி போயா. இம்முறை கேரி கிளைன் என்ற ஆய்வாளர் 2007இல் எழுதிப் பரவலான முறை ஒன்றைச் செய்து பார்த்தார்கள்: ‘ஆகஸ்ட் 2 ஆகிவிட்டது, எல்லாம் கெட்டுப்போனது, ஏன் கெட்டது?’ என்று ஆளுக்குப் பத்து நிமிடம் எழுதுவது. எதிர்ப்புச் சொல்வது போல இல்லாததால் நிரலாளர் மிக நீண்ட தாளை எழுதினார். அதிலிருந்து மூன்று செயல் வந்தன. செயலியில் நாளுக்கு 70 கிலோ உச்ச வரம்பு. முதலாளிமாருக்குக் கடன்பட்ட படகுகளைத் தனி நிறத்தில் காட்டி, நிலாக் காலத்தில் அவற்றை எண்ணாமல் விடுதல். வெள்ளிக்கிழமையே ஒரு இலட்சம் ரூபாயைக் காசாக எடுத்து வைத்தல்.

ஜூலை 29 முதல் நான்கு நாளில் 272 கிலோவுக்கு ஒப்புக்கொண்டு 261 கிலோ கொடுத்தார்கள். கழிவு இல்லை. வாங்கிய விலை சராசரி 1,380. செலவு போக ஏறத்தாழ 39,000 மிச்சம். விலகிய மூன்று உணவகங்களில் ஒன்று திரும்பி வந்தது. ஆகஸ்ட் 30 போயாவில் இன்னொரு பக்கம் தெரிந்தது: வரம்பு இறுக்கமாக இருந்து, கரையில் மீன் மிஞ்சிய இரண்டு நாள் விற்க ஆளில்லை. தாளில் எழுதிய மீளாய்வுத் தேதி இருந்ததால் வரம்பை 85 ஆக்கும் பேச்சு 15 நிமிடத்தில் முடிந்தது.

முறை எல்லா இடத்திலும் உதவவில்லை. செப்டெம்பரில் எல்லாவற்றுக்கும் தாள் எழுதத் தொடங்கினார்கள். பெட்டி எந்த நிறம் என்பதற்குக்கூட ஒன்று இருக்கிறது. ஐஸ் வாங்கும் இடத்தை மாற்றுவது கரைப் பொறுப்பாளரின் 15,000 வரம்புக்குள் அடங்கும் விசயம். அதைத் தாளுக்குள் இழுத்துப் போட்டதில் மூன்று நாள் போனது, இடையில் ஒரு நாள் விநியோகமே நடக்கவில்லை. சண்டைக்குப் பயந்தவர்கள் விதியின் பின்னால் ஒளிந்துகொள்வது இயல்பு. தாள் வேண்டாத விசயத்துக்குத் தாள் எழுதியவரிடமே அதைத் திருப்பிக் கொடுப்பது என்று பின்னர் வைத்துக்கொண்டார்கள்.

செப்டெம்பரிலேயே நிரலாளர் கொழும்பு வேலையைப் பற்றிச் சொன்னார். ‘எனக்குத் தெரிந்தது’ பகுதியில் அதை எழுதினார், நேரில் வாய் வரவில்லை என்றார். பங்கு எப்படிச் சேரும் என்ற உடன்பாடு அதுவரை இல்லை. பங்கு 48 மாதத்தில் படிப்படியாகச் சேரும், முதல் 12 மாதத்துக்கு முன் போனால் ஒன்றுமில்லை என்ற வழக்கமான நிபந்தனையைப் பெப்ரவரியிலேயே போட்டிருந்தால், நவம்பரில் 9 மாதத்தில் போனவருக்கு எதுவும் கிடைத்திராது. செயலி முழுவதும் அவர் கையால் எழுதியது, பூச்சியம் என்பது எவருக்கும் நியாயமாகப் படவில்லை. 25 சதவீதத்தில் 48இல் 9 பங்கு என்றால் ஏறத்தாழ 4.7. ஒப்படைப்பு வேலைக்காக 3.3 சேர்த்து 8 சதவீதம் என்று முடித்தார்கள். மிச்சத்தை மற்ற மூவருக்கும் சமமாக மாற்றிக் கொடுத்தார்.

ஒப்படைப்புக்குத் திட்டமிட்டது ஒரு வாரம், எடுத்தது ஆறு வாரம். இணையப் பெயர் அவருடைய சொந்த மின்னஞ்சலில், சேவையகக் கட்டணம் அவருடைய சொந்த அட்டையில், செயலிக் கடைக் கணக்கு அவருடைய பெயரில், கடவுச்சொற்கள் அவருடைய நினைவில். அவர் நல்லெண்ணத்தோடு இருந்ததால் ஆறு வாரத்தில் முடிந்தது.

நவம்பர் முதல் வாடைக் காலம். கடல் கொந்தளித்தது, பயணிகளும் இல்லை, விநியோகம் நின்றது. 2024 ஏப்ரலில் மூவரும் 17 விடுதிகளோடு திரும்பத் தொடங்கினார்கள், செப்டெம்பரில் 26 ஆனது. செயலிப் பராமரிப்பை நிரலாளர் மாதக் கட்டணத்துக்குக் கொழும்பிலிருந்து செய்கிறார். வாகனம் இன்னும் இல்லை.

மாற்ற வேண்டியவை

கம்பனியைப் பதியும் வாரத்திலேயே செய்திருக்க வேண்டியவை நான்கு: பங்கு சேரும் உடன்பாடு, வங்கி ஆணை, முடிவு வரம்புகள், எல்லாக் கணக்குகளும் கம்பனி மின்னஞ்சலில். ஒரு நாள் வேலை, செலவும் அதிகமில்லை. சண்டைக்குப் பிறகு அதே வேலைக்கு மூன்று மாதம் போனது.

கூட்டத்தில் ‘படகு காணுமா?’ போன்ற கேள்விக்கு ‘பாப்பம்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்தி எண் கேட்க வேண்டும். முந்திய முழுநிலா நாட்களில் எத்தனை கிலோ வந்தது என்று செயலியிலேயே பதிவு இருந்தது: மே 5 வெசாக் போயாவை ஒட்டிய நான்கு நாளில் வரவு வழமையின் பாதிக்கும் குறைவு. எவரும் திறந்து பார்க்கவில்லை. முடிவுத் தாளில் ‘எங்கள் பதிவு என்ன சொல்கிறது?’ என்ற ஒரு வரி இன்னும் சேர்க்கப்படவில்லை, சேர்க்க வேண்டும்.

ஊரின் நாட்காட்டி ஒன்றைத் தனியாகச் செய்ய வேண்டும்: நிலாக் காலம், போயா, ஹஜ்ஜுப் பெருநாள், கோயில் திருவிழா, வெள்ளிக்கிழமை, வங்கி விடுமுறை எல்லாம் ஒரே தாளில். ஒவ்வொன்றும் நால்வரில் ஒருவர் தலைக்குள் இருந்தது. சுவரில் மாட்டியிருந்தால் இளையவர் மூத்தவரை மறுத்துப் பேச வேண்டிய தேவையே இருந்திராது.

கடைசியாக, இன்னும் தீராத ஒன்று. நிரலாளர் 8 சதவீதத்தோடு விலகியபின் மற்ற மூவரிடமும் ஆளுக்கு ஏறத்தாழ 30.7 சதவீதம் இருக்கிறது. இருவர் சேர்ந்தால் 61.3. நிரலாளரும் சேர்ந்து வாக்களித்தாலும் 69.3, 75ஐ எட்டாது. முன்பு எந்த மூவரும் சிறப்புத் தீர்மானத்தை நிறைவேற்றலாம், இப்போது மூவரில் எவர் ஒருவரும் தனியே அதைத் தடுக்கலாம். பங்கை மாற்றிய நாளில் இது எவர் தாளிலும் இல்லை. வருடாந்த அறிக்கை தயாரிக்கும்போது கம்பனிச் செயலாளர்தான் சுட்டிக்காட்டினார். பங்குதாரர் உடன்படிக்கை ஒன்றின் வரைவு இப்போது மூவரிடமும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு தகவல் எழுதி ஒரே நேரத்தில் படம் போடுவதற்கு ஒரு ஞாயிறு இரவு 8 மணி குறிக்கப்பட்டிருக்கிறது.